மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல

சபேசனின் கம்பெனியில் இன்றைக்குச் சண்டை போட்டவர்கள் நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாக வரலாறே கிடையாது. கோயம்புத்தூரில் இப்படியொரு அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சண்டையே வராது என்றில்லை. ஃப்ரிட்ஜில் யாருடைய டப்பாவை யார் நகர்த்தி வைத்தார்கள் என்று வளர்மதிக்கும் நூர்ஜஹானுக்கும் மத்தியானம் பெரிய ரகளையே நடக்கும். மறுநாள் காலையில் நூர்ஜஹான் இடியாப்பம் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "நேத்து என்னமோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே" என்பாள். வளர்மதியின் மனசில் வைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. நடந்த பேச்சு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கும். அதிலிருந்த காரம் மட்டும் ராத்திரியோடு போயிருக்கும்.

சபேசன் இதைத் தன்னுடைய நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். தொழில்முனைவோர் கூட்டங்களில் மைக் கிடைத்தால் மன்னிக்கும் பண்பாடு பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

விதிவிலக்காக ஒரே ஒருவர் இருந்தார், ஸ்டோர் பார்க்கும் கந்தவேல். தூசி ஒத்துக்கொள்ளாது, இழுப்பு வந்துவிடும் என்று காலையில் முகமூடியை மாட்டினால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கழற்றுவார். ஒரு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தபோது தன் பாக்ஸில் மட்டும் மைசூர்பாகு உடைந்திருந்தது என்பதை இன்னும் அவர் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அந்தக் கம்பெனியில் தயாரானது ஒரு நொதி. பெயர் நீளமானது, எல்லோரும் 'ஏழு' என்றுதான் சொல்வார்கள். புரதத்தை வெட்டிப்போடுவது அதன் வேலை. மனித உடம்பில் தானாக உண்டாவதுதான், ஆனால் சொட்டிலும் சொட்டாக. அதை மனிதர்களிடமிருந்து எடுப்பது என்றால் ஒரு சிட்டிகைக்கு ஒரு ஊரையே பிழிய வேண்டும். அதனால் அதைச் செய்யும் மரபணுவை நகலெடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுவார்கள். பாவம் பாக்டீரியா, தனக்கு எதற்குமே உதவாத ஒரு சாமானைச் செய்து செய்து குவித்துவிட்டுச் செத்துப்போகும். வளர்மதி அதைப் பிரித்து, சுத்தம்செய்து, உறையவைத்து, உலர்த்தி, வெள்ளைப் பொடியாகக் குப்பிகளில் நிறுத்துப் போடுவாள். ஊர் ஊராக ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அது போகும். குப்பியின் மேல் ஒரு லேபிள் இருக்கும். 'ஆய்வுக்கு மட்டும். மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.'

ஒருமுறை வளர்மதியின் தம்பி மனைவி சுகந்தி அவளைப் பார்க்க அங்கே வந்திருந்தாள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள் அவள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வளர்மதி வெளியே வந்ததும் கேட்டாள்.

"க்ளவுஸ் மட்டும் போட்டுக்கறீங்க. மாஸ்க் வேண்டாங்களா, அண்ணி? எங்க டாக்டர் பல்லு புடுங்கறதுக்கே ரெண்டு மாஸ்க் போடுவாரு."

"க்ளவுஸ் எனக்காக இல்ல, கண்ணு. அதுக்காக. நம்ம தோல்லயே புரதத்தை வெட்டற சாமானெல்லாம் இருக்குது. வெறுங்கை பட்டா ஏழு கெட்டுப்போயிரும்."

"அது உங்க மேல பட்டா?"

"அது நம்ம உடம்புல இருக்கறதுதானே. நம்ம சாமான் நம்மள என்ன பண்ணும்?"

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பாம்பு விஷத்தையோ பூஞ்சையையோ கையாண்டிருந்தால் பயந்திருப்பார்கள். இது மனித நொதி, நம்முடையதுதானே என்ற தைரியம். பொடியைப் பாதுகாக்கத்தான் அத்தனை ஏற்பாடும். நிறுக்கும்போது பறந்து வீணாகிவிடக் கூடாது என்று ஃபேனை நிறுத்துவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள். பூட்டிய அறைக்குள் மிதக்கும் பொடி எங்கே போய்ச் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை. வளர்மதி அந்த அறைக்குள் பல வருஷங்களாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாச்சிமுத்து அவள் வீட்டுக்கு வந்தார்.

நாச்சிமுத்து யார் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சோமனூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவர். வளர்மதியின் தம்பி பூபதி அங்கே பராமரிப்பு வேலையில் இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. இறங்குவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் செய்திருந்தான். அவளுக்குத்தான் கெமிக்கல் விஷயமெல்லாம் தெரியுமே.

"அக்கா, கேஸ் வாடை ஒரு மாதிரி அடிக்குது. எறங்கலாமா?"

"மாஸ்க் இல்லாம எறங்காதே, பூபதி. ஆக்சிஜன் மாஸ்க் இருந்தா மட்டும் எறங்கு."

அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மாஸ்க் வர்ற வரைக்கும் பட்டறை நிக்குமாடா? எறங்குன்னா எறங்கு." போன் கட்டாகிவிட்டது. அந்தக் குரல் நாச்சிமுத்துவுடையது. கல்யாண வீட்டிலும் கோயில் கமிட்டியிலும் அவள் பலதடவை கேட்ட குரல். தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, பூபதி தானாகத்தான் இறங்கினான் என்று அவர் வழக்கில் சொல்லியிருந்தார். அவர் அங்கே இருந்தார் என்பதற்கு வளர்மதியின் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை. பட்டறை ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

சமரசம் பேச வந்தவர்களை எல்லாம் இத்தனை வருஷமும் அவள் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருமுறை அவர்கள் வைத்துவிட்டுப் போன பழத்தட்டை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். சுகந்தி அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தன் அழுகையால் ஒரு வழக்கை நடத்த முடியாது, அண்ணியின் ஆத்திரத்தால் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் தடவை நாச்சிமுத்து தனியாக வந்திருந்தார். ஆள் மெலிந்து, கையில் ஒரு ஊன்றுகோல். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ள வாங்க. செருப்பை அங்க விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும், எடுத்துட்டே வாங்க" என்றாள் வளர்மதி.

சமையலறையில் இருந்த சுகந்தியின் கை அப்படியே நின்றது.

அவர் உட்கார்ந்தார். "அடுத்த மாசம் உங்க சாட்சிங்க, அம்மிணி. எனக்கு உசுரு போனாலும் பரவால்லீங்க. ஜெயிலுக்குப் போய்ச் சாகக் கூடாதுன்னு பாக்கறேன். குரலு சரியாக் கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

வளர்மதி அவரைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. வயசான மனிதர், ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை போல, கண் இடுங்கியிருந்தது. "பாக்கலாமுங்க. நீங்க உடம்பை வருத்திக்காதீங்க. காபிக்குச் சர்க்கரை போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் போனதும் சுகந்தி வெளியே வந்தாள். டம்ளரை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தாளுக்குச் சர்க்கரை போடலாமான்னு கேட்டீங்க, அண்ணி."

"வயசானவரு, சுகந்தி. சுகர் இருக்குமோன்னு கேட்டேன்."

"அவருக்கு முப்பத்தி மூணு வயசு. உங்க தம்பிக்கு." சுகந்தியின் குரல் உயரவில்லை. "நீங்க பாக்கலாம்னு சொன்னீங்க. என்னத்தைப் பாக்கப்போறீங்க?"

சுகந்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு வளர்மதி தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். பூபதியின் முகம் ஞாபகம் இருந்தது. போனில் கேட்ட வார்த்தைகள், அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சட்டையிலிருந்த நீலச் சாயம், எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டில் நடந்தது போல இருந்தன. வயசாகிவிட்டது, மனசு பக்குவப்பட்டுவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பக்குவம் வந்தால் ஒரு நிறைவும் கூட வரும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து டாக்டர் அனுராதா போன் செய்தார். 'ஏழு' நொதியை வாங்கி எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர். பொதுவாக நிதானமானவர், அன்றைக்குப் புகார் சொல்லும் குரலில் பேசினார்.

"மேடம், நீங்க அனுப்பின குப்பியில என்னதான் இருக்கு? எங்க பரிசோதனையே வீணாப்போச்சு. ஒரு பெட்டியில வச்சு எலிக்கு லேசா ஷாக் கொடுப்போம். அப்புறம் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அது உறைஞ்சு நிக்கும். பாதி எலிக்கு ஏழு கொடுத்தோம், பாதிக்குக் கொடுக்கலை. கொடுத்த எலிக்கு மறுநாள் பயம் போயிடுச்சு. அது நாங்க எதிர்பார்த்ததுதான். ஆனா கொடுக்காத எலிக்கும் போயிடுச்சு."

"பெட்டி மறந்துபோச்சுங்களா அதுகளுக்கு?"

"அதான் ஆச்சரியம். மறக்கலை. பெட்டிக்குள்ள எந்த மூலையில ஷாக் வரும்னு தெரிஞ்சு வச்சிருக்கு. தெரிஞ்சும் அங்கேயே போய்ப் படுத்துக்குது. மூளையில நரம்பு செல்லைச் சுத்தி வலை மாதிரி ஒரு புரதம் இருக்கு. ஆறாத ஞாபகம்னு சொல்றோமே, அதை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்த வலைதான். தூக்கத்துல உங்க நொதி அதைத் தளர்த்திவிட்டுடுது. புதுசா பதிஞ்சது ஒரு ராத்திரியில போயிடும், பழசு கரையறதுக்கு நாளாகும். விஷயம் இருக்கும், வலி இருக்காது."

வளர்மதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கொடுக்காத எலிங்களை எங்க வச்சிருந்தீங்க, டாக்டர்?"

"அதே ரூம்லதான். ஏன்?"

"பொடியை நிறுக்கறது எங்க?"

அனுராதா மெதுவாக, "கூண்டுக்குப் பக்கத்து மேஜையில" என்றார். "மூக்கு வழியா மூளைக்கு நேரா ஒரு பாதை உண்டு, மேடம். நீங்க அங்க மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே நிறுக்கறீங்க?"

வளர்மதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கந்தவேல் முகமூடியோடு நின்றுகொண்டு யாரிடமோ மைசூர்பாகுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் நொதி ஏறாத ஒரே மூக்கு அவருடையதுதான். நூர்ஜஹானை நினைத்தாள். நூர்ஜஹானின் பங்கு வீட்டை அவள் அண்ணன் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். ஒரு காலத்தில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவள், போன பெருநாளைக்கு அதே வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் அவளுடைய பெருந்தன்மையைப் பாராட்டினார்கள்.

வளர்மதிக்குக் கோபம் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த பெரிய கோபம். நேராக சபேசனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

சபேசன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது அடிபட்டால் முதலில் காரை எடுப்பவர். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வளர்மதி, நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்னு உங்களுக்குப் புரியுதா? குடும்பநல கோர்ட்ல எத்தனை கேஸ் கிடக்குது தெரியுமா? கலவரம் நடந்த ஊருங்க, பாகப்பிரிவினைத் தகராறு. மூக்குல ரெண்டு சொட்டு. மறுநாள் காலையில உக்காந்து பேசலாம்."

"லேபிள்ல மனிதப் பயன்பாட்டுக்கு அல்லன்னு போட்டிருக்குதுங்க, சார்."

"லேபிளை மாத்தறதுக்கு வழிமுறை இருக்கு. நாலஞ்சு வருஷம் ஆகும், அனுமதி வாங்கலாம். நீங்களேதான் அதுக்குப் பொறுப்பு."

"யாரு வாங்குவாங்க, சார்?"

"யார் வேணாலும்."

"அடி வாங்குனவன் காசு கொடுத்து இதை வாங்கமாட்டானுங்க. அடிச்சவன் வாங்குவான், அடி வாங்குனவனுக்குக் கொடுக்க."

சபேசன் சிரித்தார். "நீங்க கோபத்துல பேசறீங்க. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்திருங்க. காலையில பேசலாம்."

"இனிமே நான் இங்க வேலைக்கு வரலீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்டோரில் சாவியையும் வெள்ளைக் கோட்டையும் கந்தவேல் முன்னால் வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து குளித்து, தக்காளி சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வெயில் இதமாக இருந்தது. ஸ்டோர் ஜன்னலில் கையை நீட்டி, "அண்ணா, என் கோட்டு" என்றாள்.

கந்தவேல் முகமூடிக்கு மேலே அவளை உற்றுப் பார்த்தார். "நேத்து வேலையை விட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்களேம்மா?"

வளர்மதியின் கை ஜன்னலிலேயே நின்றது. சொன்னது ஞாபகம் இருந்தது. சபேசன் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அதில் தப்பாக எதுவுமே தெரியவில்லை. மனுஷன் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார் என்றுதான் மனசு சொல்லியது. அந்த மனசை நினைத்து அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கோட்டை வாங்காமல் திரும்பி நடந்தாள்.

பல் கிளினிக்கில் சுகந்தி யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் முகம் இறுகியது. வளர்மதி நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். எலி, வலை, பூட்டிய அறை, சபேசன், இன்று காலை கோட்டுக்கு நீட்டிய கை.

சுகந்தி நேரம் குறிக்கும் நோட்டை மூடிவைத்தாள். பிறகு கேட்டாள், "திரும்பி வருமா?"

"புதுசா நடக்கறதுக்கு வேணா மாஸ்க் போட்டா வரலாம். எனக்குள்ள எத்தனை வருஷத்துது சேந்துகெடக்குதுன்னு தெரியல, கண்ணு. கோபம் வருது. ராத்திரி தாங்கமாட்டேங்குது."

"உங்க தம்பியை நெனச்சா? அழுகை வருதுங்களா?"

வளர்மதி உண்மையைச் சொன்னாள். "இல்ல."

சுகந்திக்கு அதுதான் தாங்க முடியவில்லை. மேஜைமேல் இருந்த முகமூடிப் பெட்டியைக் கையில் எடுத்து, திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் பெட்டியின்மேல் விழுந்தது.

"மாஸ்க் இல்லாம எறங்காதேன்னு அவருக்குச் சொன்னது நீங்கதானே, அண்ணி."

அந்த வார்த்தை வளர்மதிக்கு உள்ளே எங்கேயோ போய்ப் பட்டது. தூங்கும்வரைதான் அது இருக்கும் என்று தெரிந்ததால், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு, சுகந்தி. தினமும் காலையில நான் எழுந்ததும் போன் பண்ணு. அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு. சபேசன் சொன்னதையும் சொல்லு. எனக்கு வராட்டி விடாதே, வர்ற வரைக்கும் சொல்லு."

"நான் தினமும் சொல்லணுங்களா?" என்றாள் சுகந்தி. ஆற வேண்டியவள் அவள். அவளைத்தான் ஆறவிடாமல் வைத்திருக்கச் சொல்கிறோம் என்று வளர்மதிக்குப் புரியாமல் இல்லை.

"உன்னைத் தவிர எனக்கு யார் இருக்காங்க?"

அன்றிலிருந்து போன் வந்தது. சுகந்தி சொல்வாள், வளர்மதி கேட்பாள். முதலில் செய்தி வாசிப்பதைக் கேட்பது போல இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மார்பு கனக்கும். பிறகு வரும். அந்தச் சூட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் ஒரு வேலை செய்தாள். அனுராதாவிடம் நடந்ததை விவரமாக எழுதித் தரச் சொன்னாள். நொதியை மனிதர்களுக்குக் கொண்டுபோவதை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு போட்டாள். நூர்ஜஹான் வீட்டுக்குப் போய் ஒரு பெட்டி முகமூடியைக் கொடுத்து, "இதைப் போடாம நிறுக்காதே, மத்தவங்களுக்கும் கொடு" என்றாள். நூர்ஜஹான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. முதல் நாள் மாலை வளர்மதியே போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில கூப்பிடாதே, சுகந்தி."

"ஏனுங்க?"

"கூப்பிடாதே. அப்படியே போறேன்."

சுகந்திக்கு உயிரே போய்விட்டது. நாச்சிமுத்துவுக்குக் காபி கொடுத்த கையை அவள் மறக்கவில்லை. பாக்கலாமுங்க என்று சொன்ன வாயையும் மறக்கவில்லை. தூங்கி எழுந்த வளர்மதியைக் கோர்ட்டுக்கு அனுப்புவதும் நாச்சிமுத்துவை விடுதலை செய்வதும் ஒன்றுதான் என்று பட்டது. கையில் போனை வைத்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். விடிந்த பிறகு பலதடவை எண்ணை எடுத்தாள். ஆனால் அண்ணி பேச்சை மீறி அழைக்கவில்லை.

கோர்ட் வாசலில் வளர்மதி இஸ்திரி போட்ட காட்டன் புடவையில், நன்றாகத் தூங்கிய முகத்தோடு நின்றாள். நாச்சிமுத்து வந்ததும், படியில் தடுமாறியவரை முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். சுகந்தி அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அரசு வக்கீல் கேட்டதற்கு வளர்மதி நடந்ததைச் சொன்னாள். பிறகு நாச்சிமுத்துவின் வக்கீல் எழுந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஆயுதம். அதைத் தீட்டுவதற்கு அவருக்கு ஆறு வருஷம் கிடைத்திருந்தது.

"என் கட்சிக்காரர் வீட்டிலிருந்து வந்த பழத்தட்டை நீங்கள் சாக்கடையில் கொட்டினீர்களா?"

"கொட்டினேனுங்க."

"அவர் அழிந்துபோக வேண்டும் என்று தெருவில் நின்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அப்படியானால் இந்தச் சாட்சியமே வன்மத்தில் பிறந்தது. ஒரு குரலைப் போனில் ஒரு நொடி கேட்டீர்கள். உங்கள் வெறுப்பு அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டது. சரிதானே?"

வளர்மதி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அவர் மேல வெறுப்பு இல்லீங்க" என்றாள். "முன்னால இருந்துச்சு, இப்ப இல்ல. போன மாசம் வீட்டுக்கு வந்தாரு, காபி கொடுத்தேன். இன்னிக்கு அவரைப் பாக்கறப்போ, பாவம், இந்த வயசுல ஜெயிலுக்குப் போகவேண்டாமேன்னுதான் தோணுது. நீங்க அவரையே கேளுங்க, என் முகத்துல ஏதாவது தெரியுதான்னு."

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா அவரு அன்னிக்குத் தொட்டிகிட்ட நின்னாருங்க. என் தம்பி என்கிட்ட கேட்டான், நான் வேண்டாம்னேன். இவரு, 'மாஸ்க் வர்ற வரைக்கும் பட்டறை நிக்குமாடா? எறங்குன்னா எறங்கு'ன்னாரு. இதே குரல்தான். கோபம் போச்சுங்க. கேட்டது போகல."

வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்தார். அடுத்த கேள்விகள் எல்லாம் ஒரு கோபக்காரியை நம்பி எழுதப்பட்டவை. அவர் நீதிபதியைப் பார்த்து, வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் மறுபடி நிமிரவே இல்லை.

வெளியே வந்ததும் சுகந்தி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "முன்னாலயே சொல்லியிருந்தா என்ன, அண்ணி?"

"காலையில எழுந்து நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதே, கண்ணு. உன்கிட்ட எதைச் சொல்லட்டும்?"

நாச்சிமுத்துவுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார். சபேசனின் கம்பெனியில் கந்தவேல் தலைமையில் எல்லோரும் முகமூடி போட ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் நூர்ஜஹான் தன் அண்ணன் மேல் கேஸ் போட்டாள், சபேசன் தன் வாழ்நாளில் முதல் வேலைநிறுத்தத்தைப் பார்த்தார், ஃப்ரிட்ஜ் சண்டைகள் வாரக்கணக்கில் நீடித்தன. நொதிக்கு மனிதப் பரிசோதனை அனுமதி கேட்ட விண்ணப்பம் இன்னும் எங்கேயோ நகர்ந்துகொண்டிருக்கிறது, வளர்மதியின் மனுவும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்குத் திரும்பியது வளர்மதிக்கு மட்டும் திரும்பவில்லை. அவள்தான் அந்த அறைக்குள் அதிக வருஷம் இருந்தவள்.

வழக்கு முடிந்த பிறகு, இனிமேல் காலையில் கூப்பிட வேண்டாம், நீயாவது நிம்மதியாக இரு என்று அவள் சுகந்தியிடம் சொன்னாள். சுகந்தி ஒரு நாள் கூப்பிடவில்லை. அடுத்த நாள் கூப்பிட்டாள்.

"எழுந்துட்டீங்களா, அண்ணி?"

"ஆச்சு. பால் அடுப்புல வச்சிருக்கேன். கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குக் கண்ணு?"

"கேஸுக்கு இல்லீங்க. நான் ஒருத்தியே அழுதா அவருக்கு அக்காவே இல்லாத மாதிரி இருக்குது."

வளர்மதி அடுப்பைக் குறைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள்.

சுகந்தி ஆரம்பித்தாள். "அன்னிக்குக் காலையில ரெண்டு தோசை போதும்னு எழுந்துட்டாருங்க. நீலச் சட்டையைத் தேடினாரு..." கேட்டுக்கொண்டே வளர்மதி காத்திருந்தாள். அண்ணியின் குரல் உடைந்த பிறகுதான் சுகந்தி போனை வைப்பாள். சில நாள் அது சீக்கிரம் நடக்கும். சில நாள் பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்த பிறகும் ஆகும்.